இரண்டு ‘லயன்’கள்: நுவரெலியாவின் பியரும் டென்மார்க்கின் மதுவமும்

மலையகத்தில் ‘லயன்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, ‘வரிசை’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி அறைகளை ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டி, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை வெள்ளைக்காரத் துரைமார் குடியமர்த்திய கட்டடம் அது. மற்றையது, ‘சிங்கம்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல். நுவரெலியாவில் பிறந்து, இன்று லண்டன் தமிழ்க் கடைகளின் குளிர்பெட்டி வரை போயிருக்கும் பியரின் பெயர்.

இரண்டையும் உருவாக்கியது ஒரே பெருந்தோட்டப் பொருளாதாரம்தான். ஆனால், ஒரு லயனின் வரலாறு ‘பாரம்பரியம்’ என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படுகிறது. மற்ற லயனின் வரலாறு வரவுசெலவுத் திட்ட விவாதங்களில் ‘பிரச்சினை’யாக வந்துபோகிறது.

இந்தக் கதைக்குள் மூன்றாவது தரப்பு ஒன்றும் இருக்கிறது: ஸ்கண்டிநேவியா. லயன் பியரைத் தயாரிக்கும் கம்பனியில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் குழுமம், தனது மலேசிய நிறுவனத்தின் ஊடாக, சுமார் நான்கில் ஒரு பங்கை வைத்திருக்கிறது. கார்ல்ஸ்பேர்க் பியரும் இலங்கையில் அதே தொழிற்சாலையில்தான் தயாராகிறது. கோப்பன்ஹேகனில் 2006இல் தொடங்கப்பட்ட மிக்கெல்லர் போன்ற சிறிய நிறுவனங்களின் ‘கிராப்ட்’ பியர்கள், அதாவது சிறு அளவில், தனிச் சுவையோடு செய்யப்படும் பியர்கள், உலகெங்கும் பேசப்படுகின்றன. பியரை வைன்போல முகர்ந்து, ருசித்து, அதன் பரம்பரையைப் பேசும் பழக்கம் வளர்ந்திருக்கிறது.

அந்தப் பரம்பரையில் ருசியும் தொழில்நுட்பமும் ஒரு பாதிதான். ஒரு சமூகம் மதுவோடு எப்படிப் போராடியது, அதற்கு என்ன விதிகளை வகுத்தது, அந்த விதிகளில் யாருடைய குரல் எடுபட்டது என்பது மறுபாதி. மலையகத்துக்கு முதல் பாதி வந்து சேர்ந்தது. இரண்டாவது பாதி வரவில்லை.

கிளாஸுக்குள் என்ன இருக்கிறது?

பியர் தயாரிப்பின் அடிப்படை எளிமையானது. பார்லியை ஊறவைத்து முளைக்கவிட்டு, முளைத்ததும் சூட்டில் உலர்த்துவார்கள். இதுதான் மோல்ட். நம் வீடுகளில் குரக்கனை முளைகட்டி உலர்த்தி மாவாக்குவதைப் போன்ற வேலைதான். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதியங்கள் உருவாகின்றன. நொறுக்கிய மோல்ட்டைச் சுடுநீரில் ஊறவைத்தால் அவை மாப்பொருளைச் சீனியாக மாற்றுகின்றன. அந்த இனிப்பு நீரை வடித்தெடுத்து, ஹொப்ஸ் என்ற கொடியின் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். கசப்பும் மணமும் அதிலிருந்து வருகின்றன. பானம் விரைவில் கெட்டுப்போகாமலும் அது காக்கிறது. ஆறிய பின் மதுவம் சேர்க்கப்படுகிறது. மதுவம் சீனியை உண்டு, மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுகிறது.

எந்த மதுவம், எந்த வெப்பநிலை என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. மேலே மிதந்து நொதிக்கும் மதுவம் 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் வேலை செய்யும். பழவாசனையும் கனமான சுவையும் தரும். ‘ஏல்’, ‘ஸ்டவுட்’ போன்ற பிரித்தானிய வகைகள் இதில் அடங்கும். அடியில் தங்கி நொதிக்கும் மதுவத்துக்குச் சுமார் 8 முதல் 13 பாகை வரையான குளிர் தேவை. மெதுவாக வேலை செய்து, தெளிந்த, மெல்லிய சுவையைத் தரும். இதுதான் ‘லாகர்’. கார்ல்ஸ்பேர்க்கும் லயன் லாகரும் இந்த வகை.

லயன் ஸ்டவுட் கறுப்பு நிறமானது. நுரைகூட மண்ணிறமாக இருக்கும். முகர்ந்தால் கோப்பி, கசப்புச் சொக்லேட், உலர்ந்த பழம் ஆகியவற்றின் சாயல் தெரியும். நாக்கில் எண்ணெய்போல் கனமாகப் படியும். இதில் கோப்பியும் இல்லை, சொக்லேட்டும் இல்லை. பார்லியைக் கருகும் அளவுக்கு வறுப்பதால் வரும் சுவை இது. கோப்பிக் கொட்டையை வறுக்கும்போது நடக்கும் அதே இரசாயன மாற்றங்கள்தான் இங்கும் நடக்கின்றன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் கோப்பிப் பயிர் அழிந்த மலைகளிலிருந்து, கோப்பி வாசனை வீசும் ஒரு பானம் உலகப் புகழ் பெற்றது ஒரு வினோதமான தற்செயல்.

அந்தப் புகழுக்குப் பெரும் காரணம் மைக்கல் ஜாக்சன். பாடகர் அல்ல, 2007இல் மறைந்த பிரித்தானியப் பியர் எழுத்தாளர். உலகின் பியர்களை வகைபிரித்து எழுதியவர்களில் முதன்மையானவர். மலைப்பாதைகளில் மோல்ட்டும் ஹொப்ஸும் ஏற்றிச் செல்லப்பட்டு நுவரெலியாவில் ஸ்டவுட் தயாரிக்கப்பட்டதையும், கண்டியில் ஒரு பியர் கடையில் மரப்பீப்பாயிலிருந்து கைப்பம்பினால் இறைத்துப் பரிமாறப்பட்டதையும் அவர் எழுதினார். மேற்கு நாடுகளின் பியர் ரசிகர்கள் இலங்கையைக் கவனித்தது அதன் பின்னர்தான்.

ஏன் நுவரெலியா?

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில் இருக்கும். குளிரூட்டும் இயந்திரங்கள் பரவலாகாத காலத்தில், வெப்ப வலயத்தில் ஏல் வகைப் பியரைக் கெடாமல் நொதிக்கவைக்க இப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது. ‘லவர்ஸ் லீப்’ நீர்வீழ்ச்சிப் பக்கத்துத் தெளிந்த ஊற்றுநீரும் இருந்தது. குடிப்பதற்கு ஆட்களும் அங்கேயே இருந்தார்கள்: தோட்டத் துரைமார், அரச அதிகாரிகள், கொழும்பின் வெக்கையிலிருந்து ஓடிவந்த வெள்ளையர்.

பின்னாளில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி, இங்கிலாந்திலிருந்து பண்ணையாட்களையும் கால்நடைகளையும் விதைகளையும் கொண்டுவந்து ஒரு குட்டி இங்கிலாந்தை அமைக்க முயன்றார். அங்கு முதலில் பியர் காய்ச்சியவர் அவரே என்றொரு கதை நிலவுகிறது. இன்றைய லயன் கம்பனி தன் தொடக்கமாகச் சொல்லும் ஆண்டு 1881.

அந்த ஆண்டைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ரயில் பாதை ஹட்டனை அடைந்தது 1884இல். நானுஓயாவை அடைந்தது 1885இல். எனவே, ஆரம்ப ஆண்டுகளில் மோல்ட் மூட்டைகளும் ஹொப்ஸ் பொதிகளும் பீப்பாய்களும் மலைப்பாதைகளில் வண்டிகளிலும் தோள்களிலும்தான் ஏறி இறங்கின. அந்தப் பாதைகளை வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். ரயில் பாதைக்கும் அவர்கள் உழைப்பே அடித்தளம். ‘மலையகம் 200’ நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் நினைவுபடுத்தியது அந்த முன்னோரின் பயணத்தைத்தான். 1876இல் தொடங்கிய ‘ஹில் கிளப்’பின் மேசைக்குப் பியர் வந்ததும் அவர்கள் அமைத்த பாதை வழியேதான்.

மூலப்பொருள் எதுவும் மலையில் விளைந்ததில்லை. பார்லியும் ஹொப்ஸும் கப்பலில் வந்தவை. மலை கொடுத்தது குளிரும் தண்ணீரும் மட்டுமே. குளிரை இயந்திரம் தரத் தொடங்கியதும், மலையேற வேண்டிய தேவையும் குறைந்தது. 1998இல் கொழும்புக்கு அருகே பியகமவில் பெரிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. துறைமுகத்துக்கும் சந்தைக்கும் அது பக்கம். 2016 மே மாத வெள்ளத்தில் அந்தத் தொழிற்சாலை மூழ்கி, உற்பத்தி மாதக்கணக்கில் நின்றபோது, மலையிலிருந்து பள்ளத்துக்கு இறங்கியதன் விலை தெரிந்தது.

கம்பனியின் தாய்க்குழுமமான கார்சன் கம்பர்பட்ச், ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டங்களை நிர்வகித்த ஏஜென்சி நிறுவனங்களில் ஒன்று. தேயிலைக்கும் பியருக்கும் இடையிலான உறவு நிலவியலோடு மட்டும் நிற்கவில்லை. கணக்குப் புத்தகங்களிலும் அது இருந்தது.

ஒரு பியர் ஆய்வுகூடமும் தேயிலை மண்ணும்

டென்மார்க்கின் கதை வேறு திசையில் போனது. ஜே. சி. ஜேக்கப்சன் 1847இல் கோப்பன்ஹேகனுக்கு வெளியே ஒரு குன்றில் தொழிற்சாலையை அமைத்து, மகன் கார்லின் பெயரைச் சேர்த்து அதற்கு ‘கார்ல்ஸ்பேர்க்’ என்று பெயரிட்டார். கார்லின் மலை என்று பொருள். அதற்கு முன் மியூனிக்கிலிருந்து லாகர் மதுவத்தை அவர் குதிரைவண்டியில் கொண்டுவந்தார். வழியில் வண்டி நிற்கும் இடமெல்லாம் இறங்கி, மதுவப் பாத்திரத்தின் மீது குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே வந்தார் என்று சொல்வார்கள்.

1875இல் அவர் ஓர் ஆய்வுகூடம் தொடங்கினார். அக்காலத்தில் பியர் அடிக்கடி கெட்டுப்போகும். காரணம் சரியாகத் தெரியாது. அங்கு பணிபுரிந்த எமில் கிறிஸ்டியன் ஹேன்சன், காட்டு மதுவங்கள் கலப்பதே காரணம் என்று கண்டு, ஒற்றைக் கலத்திலிருந்து தூய மதுவத்தைப் பிரித்து வளர்க்கும் முறையை 1883இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அந்த மதுவத்துக்கு ‘சக்கரோமைசஸ் கார்ல்ஸ்பேர்ஜென்சிஸ்’ என்று பெயர் வந்தது. ஜேக்கப்சன் அதை இரகசியமாகப் பூட்டி வைக்கவில்லை. போட்டிக் கம்பனிகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார். இன்று உலகில் விற்கப்படும் லாகர் பியர்களுக்குப் பின்னால் அந்த முறை இருக்கிறது.

அதே ஆய்வுகூடத்தில் எஸ். பி. எல். சோரன்சன் 1909இல் அமிலத்தன்மையை அளக்கும் ‘பிஎச்’ அளவுகோலை முன்வைத்தார். மலையக மக்களுக்கு இது எட்டாத விடயம் அல்ல. தேயிலைச் செடிக்கு அமிலத்தன்மை கொண்ட மண் வேண்டும், பிஎச் 4.5 முதல் 5.5 வரை இருப்பது பொருத்தம். அது மிகவும் குறைந்துவிட்டால் டொலமைட் தூவுவார்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் டொலமைட் மூட்டையைச் சுமந்துபோய்த் தூவும் தொழிலாளியின் வேலையைத் தீர்மானிக்கும் எண், ஒரு பியர் கம்பனியின் ஆய்வுகூடத்தில் பிறந்தது. 1925இல் நிறுவப்பட்டு, தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலும் மண்ணை அளக்க அதே அளவுகோல்தான்.

ஜேக்கப்சன் 1876இல் கார்ல்ஸ்பேர்க் அறக்கட்டளையை நிறுவினார். 1887இல் அவர் இறந்த பின் தொழிற்சாலை அந்த அறக்கட்டளைக்குச் சென்றது. இன்றும் குழுமத்தின் கட்டுப்பாடு அதனிடமே இருக்கிறது. இலாபத்தில் ஒரு பகுதி விஞ்ஞானத்துக்கும் கலைக்கும் போகிறது. கோப்பன்ஹேகன் கடற்கரையில் இருக்கும் கடற்கன்னி சிலைகூட, மகன் கார்ல் அந்த நகருக்கு 1913இல் கொடுத்த பரிசு. கார்ல்ஸ்பேர்க் தொழிலாளர்கள் வேலை நேரத்தில் பியர் குடிக்கும் பழைய உரிமை உணவு இடைவேளைக்குள் சுருக்கப்பட்டபோது, 2010இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் செய்தியானது. தான் செய்யும் பொருளில் தொழிலாளிக்குப் பங்கு உண்டு என்ற எண்ணம் அங்கு எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை அது காட்டியது. முதல்தரத் தேயிலையைக் கப்பலேற்றிவிட்டு, தூளை வீட்டில் ஊற்றிக் குடிக்கும் சமூகத்துக்கு இதன் பொருள் விளங்கும்.

இரண்டு துறைமுகங்கள், ஒரே கறுப்புப் பியர்

ஸ்டவுட்டும் அதன் அண்ணன் முறையான போர்ட்டரும் லண்டனில் பிறந்தவை. பிரித்தானிய வணிகம் சென்ற இடமெல்லாம் அவையும் சென்றன. ஒரு கிளை சுவீடனின் கோத்தன்பேர்க் துறைமுகத்தில் இறங்கியது. ஸ்கொட்லாந்து வம்சாவளியைச் சேர்ந்த டேவிட் கார்னகி என்பவர் 1836இல் அங்கிருந்த தொழிற்சாலையை வாங்கினார். ‘கார்னகி போர்ட்டர்’ இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதைத் தயாரிப்பது கார்ல்ஸ்பேர்க்கின் சுவீடன் நிறுவனம். இன்னொரு கிளை இந்தியப் பெருங்கடலைத் தாண்டி நுவரெலியாவுக்கு ஏறியது. கார்னகி போர்ட்டரையும் லயன் ஸ்டவுட்டையும் அடுத்தடுத்து ருசிப்பவருக்கு இரண்டும் உறவுக்காரர்கள் என்பது தெரியும்: அதே வறுத்த தானியம், அதே கனம், அதே கறுப்பு.

நோர்வேயின் கிராமங்களில் இன்னொரு மரபு உண்டு. அங்கு விவசாயக் குடும்பங்கள் நத்தாருக்கும் கல்யாணத்துக்கும் இறுதிச்சடங்குக்கும் வீட்டிலேயே பியர் காய்ச்சினார்கள். ‘க்வைக்’ எனப்படும் மதுவத்தை மரவளையத்தில் காயவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்தார்கள். தீர்ந்துபோனால் அயல்வீட்டில் வாங்கினார்கள். நோர்வே ஆய்வாளர் லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் இந்த மரபை ஊர் ஊராகச் சென்று ஆவணப்படுத்தினார். 35 பாகைக்கு மேற்பட்ட சூட்டிலும் அந்த மதுவம் வேலை செய்வது தெரிந்ததும் உலகெங்கும் கிராப்ட் பியர் செய்பவர்கள் அதைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள்.

நமக்கும் இப்படி ஒன்று இருந்தது. அப்ப மாவைக் கள்ளு விட்டுப் புளிக்கவைத்த வீடுகள் யாழ்ப்பாணத்திலும் பிற இடங்களிலும் இருந்தன. மலைச்சரிவுக் கிராமங்களில் கித்துல் கள்ளும் பாணியும் இருந்தன. கள்ளிலும் வேலை செய்வது மதுவம்தான். ஆனால், 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம், கள் இறக்குவதை அனுமதிப்பத்திரத்துக்கும் வரிக்கும் உட்பட்ட தொழிலாக்கியது. அனுமதியின்றிச் செய்தால் குற்றம். நோர்வே விவசாயியின் மதுவம் இன்று பாரம்பரியம். இங்கு மரமேறியின் முட்டி இன்றும் சோதனைக்கு உரியது. எது மரபு, எது குற்றம் என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் அரசின் வருமானக் கணக்கு.

ஸ்கண்டிநேவியாவின் மறுபாதி

இன்று ஒழுங்கான நாடுகளாகத் தெரியும் ஸ்கண்டிநேவிய நாடுகள் 19ஆம் நூற்றாண்டில் குடியால் சீரழிந்தவை. உருளைக்கிழங்கிலிருந்தும் தானியத்திலிருந்தும் மலிவாக வடிக்கப்பட்ட கடும் மது வீட்டுக்கு வீடு ஓடியது. அதை எதிர்த்து மதுவிலக்குச் சங்கங்கள் தோன்றின. சுவீடனில் அவை தொழிலாளர் இயக்கத்தோடு பின்னிப்பிணைந்து வளர்ந்தன. வாசிகசாலையும் படிப்பு வட்டமும் கூட்டம் நடத்தும் பயிற்சியும் அங்கிருந்து வந்தன. மது எதிர்ப்பு அங்கு வெறும் ஒழுக்கப் பிரசங்கமாக நிற்கவில்லை. குடித்துவிட்டுக் கிடப்பவன் சங்கத்தில் நிற்கமாட்டான் என்ற அரசியல் கணக்கும் அதில் இருந்தது.

சுவீடனில் 1922 ஆகஸ்டில் முழு மதுவிலக்குப் பற்றிச் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. ஆண், பெண் வாக்குகள் தனித்தனியாக எண்ணப்பட்டன. பெண்களில் பெரும்பான்மையினர் விலக்கை ஆதரித்தார்கள். ஆண்களில் பெரும்பான்மையினர் எதிர்த்தார்கள். விலக்கு மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றது. அதற்கு முன்பே, வைத்தியர் இவான் பிராட் வகுத்த பங்கீட்டு முறை நடைமுறையில் இருந்தது. மது வாங்க ஒரு புத்தகம். மாதத்துக்கு இவ்வளவு என்று அளவு. மணமான பெண்களுக்கு அந்தப் புத்தகம் கிடையாது. 1955இல் அந்த முறை ஒழிக்கப்பட்டு, சில்லறை விற்பனை அரச ஏகபோக நிறுவனத்தின் கையில் வந்தது. இன்றும் சுவீடனின் சாதாரணக் கடையில் 3.5 வீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ள பியரை வாங்க முடியாது.

டென்மார்க் வேறு வழியில் போனது. முதலாம் உலகப் போரில் தானியத் தட்டுப்பாடு வந்தபோது, 1917இல் கடும் மதுவின் வரி உயர்த்தப்பட்டது. விலை பத்து மடங்குக்கும் மேல் ஏறியது. பியரின் வரி அந்த அளவு ஏறவில்லை. சில ஆண்டுகளுக்குள் கடும் மது நுகர்வு பெருமளவில் சரிந்தது. குடியால் வரும் மனக்கோளாறு நோயாளர்களின் தொகையும் வீழ்ந்தது. டென்மார்க் பியர் நாடாக நிலைத்ததில் ருசிக்குள்ள பங்கைப்போல் வரிக்கும் பங்கு உண்டு.

மலையகத்துக்கு வந்தது எது?

இலங்கையில் பிரித்தானிய ஆட்சி சாராய விற்பனையைக் குத்தகைக்கு விட்டு வருமானம் தேடியது. கோப்பித் தோட்டங்கள் மலையேறியபோது தவறணைகளும் கூடவே ஏறின. சாராயக் குத்தகையில் சேர்ந்த பணம் உள்ளூர் முதலாளி வர்க்கத்தின் அடித்தளங்களில் ஒன்றானதைக் குமாரி ஜயவர்தன விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கம் சேனாநாயக்க சகோதரர்களைத் தலைவர்களாக்கியது. ஆனால், அது பெரும்பாலும் சிங்கள பௌத்த இயக்கமாகவே இருந்தது. தோட்டங்களின் லயன்கள் அதன் எல்லைக்கு வெளியே கிடந்தன.

துரையின் மேசைக்குப் பியர். தொழிலாளிக்குத் தவறணைச் சாராயம். அதுவும் கட்டாதபோது கசிப்பு. இந்த வரிசை இன்றும் பெரிதாக மாறவில்லை. 2019ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை வீதம் 14.3 ஆக இருந்தபோது, தோட்டத்துறையில் அது 33.8. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024 செப்டெம்பரில்தான் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயானது. ஒரு கேன் பியருக்கே அந்தச் சம்பளத்தில் கணிசமான பகுதி போய்விடும். சீனியும் மதுவமும் கண்டதும் போட்டு மறைவிடத்தில் வடிக்கும் கசிப்பு அதைவிட மலிவு. அதில் என்ன கலந்திருக்கிறது என்பது வடிப்பவருக்கே நிச்சயமில்லை.

‘பியர்தானே’ என்ற சமாதானத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 4.8 வீத லாகர் 500 மில்லிலீற்றர் கேனில் 24 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கிறது. 8.8 வீத ‘ஸ்ட்ரோங்’ பியர் அல்லது ஸ்டவுட் என்றால் 44 மில்லிலீற்றர். 180 மில்லிலீற்றர் கால் போத்தல் சாராயத்தில், 33.5 வீதம் என்று கொண்டால், சுமார் 60. அதாவது, ஒரு கேன் ‘ஸ்ட்ரோங்’ பியர் கால் போத்தல் சாராயத்தில் முக்கால் பங்கை நெருங்குகிறது. பியர் என்ற பெயர் மென்மையாக ஒலிக்கிறது. எண் அப்படி இல்லை.

2017 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், மதுசார அளவை அடிப்படையாகக் கொண்ட வரியை அறிமுகப்படுத்தி, பியர் வரியைக் குறைத்தது. கடும் மதுவிலிருந்து மக்களை மென்மதுவுக்குத் திருப்பலாம் என்பது ஒரு தரப்பின் வாதம். இளைஞர்கள் குடிக்குள் நுழையும் வாசல் பியர்தான் என்பது மறுதரப்பின் வாதம். டென்மார்க்கின் 1917 அனுபவத்தை இங்கு பொருத்துவதாக இருந்தால் இரண்டு விடயங்களை மறக்கக் கூடாது. அங்கு பலன் தந்தது கடும் மதுவின் விலையேற்றம். பியரை மலிவாக்கியது அல்ல. மேலும், விலை ஏறியதும் கசிப்புப் பக்கம் திரும்ப வழியிருக்கும் ஊரில் வரி மட்டும் வேலை செய்யாது.

இதில் பெண்களின் இடம் எங்கே? 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தல் பெண்களுக்கு மது விற்பதையும் மது விற்கும் இடங்களில் பெண்கள் வேலை செய்வதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் உத்தரவில் அது மீண்டது. பெண் மது வாங்கலாமா என்று நாடு விவாதித்தது. ஊரில் மதுக்கடை வேண்டுமா என்று பெண்ணிடம் கேட்கும் வழக்கம் வரவில்லை. குடியின் செலவையும் அடியையும் அதிகம் சுமப்பவர் கொழுந்து பறிக்கும் பெண். மலையகத்தின் பல இடங்களில் புதிய மதுபானசாலைகளுக்கு எதிராகப் பெண்கள் வீதிக்கு இறங்கியிருக்கிறார்கள். 2024இல் மட்டும் 300க்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்ட விபரம் அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியானது. அனுமதி எந்த அடிப்படையில் கொடுக்கப்படுகிறது என்ற கேள்வி அப்போது எல்லோர் வாயிலும் வந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் சுவீடன் பெண்களின் வாக்கைத் தனியாக எண்ணிப் பார்த்தது. இங்கு ஒரு தோட்டத்துக்குப் பக்கத்தில் கடை திறக்கும் முன் அந்தத் தோட்டத்துப் பெண்களின் கருத்தைப் பதிவுசெய்யும் கட்டாயம் வந்தால், அதுவே பெரிய மாற்றமாக இருக்கும்.

முழுக் கதையைச் சொல்வது

நுவரெலியாவின் பியருக்கு உண்மையான பெருமை உண்டு. குளிரையும் ஊற்றுநீரையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் கடல்தாண்டிக் கொண்டுவந்து, உலகின் நல்ல ஸ்டவுட்களில் ஒன்றை உருவாக்கியது சிறிய காரியமல்ல. அதை ருசிப்பவர்கள் அதன் கதையைக் கேட்பது நியாயம். அந்தக் கதையைச் சொல்லும் பலகைகளிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் பேக்கருக்கும் துரைமாருக்கும் இடமிருக்கும்போது, பாதை வெட்டியவர்களுக்கும் மூட்டை சுமந்தவர்களுக்கும் இடமிருக்க வேண்டும் என்று கேட்பதும் அதே அளவு நியாயம்.

டென்மார்க்கிடமிருந்து நாம் மதுவத்தையும் முதலீட்டையும் பெற்றிருக்கிறோம். கற்றுக்கொள்ள இன்னும் மூன்று விடயங்கள் அந்த நாடுகளில் இருக்கின்றன: கண்டுபிடித்ததைப் பகிர்வது, இலாபத்தில் ஒரு பங்கைச் சமூகத்துக்குத் திருப்புவது, மதுக் கொள்கையை வருமானக் கணக்காக மட்டுமன்றி மக்களின் உடல்நலக் கணக்காகவும் பார்ப்பது. மதுவரித் திணைக்களத்தின் வருமான இலக்கு ஒவ்வொரு வருடமும் அறிவிக்கப்படுகிறது. நுவரெலியா மாவட்டத்தின் தோட்டப் பாடசாலைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் குடிநோய் சிகிச்சைக்கும் அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற எண்ணும் அதே பக்கத்தில் அச்சிடப்பட வேண்டும். லயன் அறைகளில் இருப்பவர்கள் தங்கள் பிரதிநிதிகளிடம் அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் கேட்கவேண்டிய கேள்வி அது.